சம்ப் நட் சிலிப்: யாழ்ப்பாணத்துக் கார்க்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்கும் பாத்திரமான சம்பில், பழைய ஒயிலை வடியவிடத் திறக்கும் அந்த ஒற்றைத் திருகாணியைப் பற்றியது இந்தப் பக்கம். பெயர்தான் சம்ப் நட், ஆள் போல்ட். ஊர்க் கராஜில் போய் ‘ட்ரெயின் பிளக்’ என்று சொன்னால் ஒருகணம் யோசித்துவிட்டு “சம்ப் நட்டோ?” என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஆகவே இங்கேயும் நட் என்றே இருக்கட்டும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் நம்முடைய வீதிகளில் ஓடும் கார்களுக்கு வயது ஏறிவிட்டது. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றினால், ஒரு லட்சம் ஓடிய காரில் அந்த நட்டை 20 தடவை திறந்து பூட்டியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் வேறு கை, வேறு ஸ்பானர். எனக்கு வரும் கேள்விகள் கூடிக்கொண்டு போவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லாத்துக்கும் “சிலிப்” எண்டுதான் சொல்லினம். உண்மையில என்ன பழுது எண்டு எப்பிடி அறியிறது?

மூன்று வேறு பழுதுகளுக்கு ஒரே பெயரை வைத்திருக்கிறோம். முதலாவது, நட்டின் தலை மழுங்கி ஸ்பானர் வழுக்குவது. இதில் உள்ளே மரை, அதாவது திருகின் சுருள் வரி, நன்றாகவே இருக்கக்கூடும். இரண்டாவது, நட்டின் மரை தேய்ந்து போவது. மூன்றாவது, சம்பின் உள்மரை போவது. முதலாவது எரிச்சல், இரண்டாவது சின்னச் செலவு, மூன்றாவதுதான் உண்மையான தலையிடி.

நட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அதன் பள்ளங்களுக்குள் வெள்ளி நிறச் சுருள் கம்பிபோல ஏதாவது ஒட்டியிருந்தால் அது சம்பிலிருந்து உரிந்து வந்த மரை. நட்டின் மேடுகளே தட்டையாகித் தேய்ந்து கிடந்தால் நட் போய்விட்டது, சம்ப் தப்பியிருக்கலாம். அதே அளவில் ஒரு புது நட்டை விரலால் மட்டும் திருகிப் பார்த்தால் மிச்சம் தெரியும். நன்றாக இருக்கும் சம்பில் அது ஆட்டமில்லாமல் கடைசிவரை போகும். மரை போன சம்பில், பழைய வீட்டுக் கதவுக் கொண்டிபோல ஆடும்.

தலை வட்டமாப் போச்சு. ஸ்பானர் பிடிக்குதேயில்லை. என்ன செய்யிறது?

முதலில், இதுவரை போட்டுப் பார்த்த ஸ்பானரைத் தூர வையுங்கள். தலையைக் கெடுத்தது அனேகமாக அதுதான். வாய் திறந்த ஸ்பானர் இரண்டே பக்கத்தில் பிடிக்கும். பன்னிரண்டு மூலைச் சொக்கெட் மூலையில் மட்டும் பிடிக்கும். இந்த வேலைக்கு வேண்டியது ஆறு மூலைச் சொக்கெட். அங்குல ஸ்பானரை மில்லிமீற்றர் நட்டுக்குப் போடுவதும் நம்முடைய பழைய பழக்கம். ஒன்பதின் கீழ் பதினாறு அங்குலம் என்பது 14.3 மில்லிமீற்றர். 14 நட்டுக்கு அது ‘கிட்டத்தட்ட’ சரியாக இருக்கும். அந்தக் கிட்டத்தட்டதான் மூலையைத் தின்கிறது.

தலையைச் சுற்றிச் சேறும் கிறீசும் படிந்திருந்தால் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். துரு கழற்றும் ஸ்பிரே அடித்துக் கால் மணித்தியாலம் விடுங்கள். சுத்தியலால் தலையின் நடுவில் நேராக இரண்டு தட்டு. பலமாக வேண்டாம், அதிர்வு போனால் போதும். பிறகு ஆறு மூலைச் சொக்கெட்டைத் தட்டி ஏற்றி, ஒரே சீரான இழுப்பில் திருகிப் பாருங்கள். அது வழுக்கினால் ஒரு அளவு சிறிய பழைய சொக்கெட்டைச் சுத்தியலால் அடித்து இறுக்கமாக ஏற்றலாம். அந்தச் சொக்கெட்டை இனி வேறு வேலைக்கு நம்ப முடியாது என்று தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

அடுத்தது வைஸ் கிறிப், கடித்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும் குறடு. தலையின் விளிம்பில் கடிக்கவைத்து, வாயை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கியபின் திருகுங்கள். அதுவும் முடியாவிட்டால் உளி. தலையின் ஓரத்தில் ஒரு வெட்டு விழுத்தி, அந்த வெட்டில் உளியைச் சாய்த்து வைத்து, கழரும் பக்கம் பார்த்துத் தட்டவேண்டும். இரும்புச் சம்பில் இதைத் துணிந்து செய்யலாம். அலுமினியச் சம்பில் ஒரு தப்படி விழுந்தால் வெடித்துவிடும். அதனால் நான் அலுமினியத்தில் உளி எடுப்பதில்லை.

கடைசி வழி, தலைமேல் ஒரு நட்டை வெல்டிங் பிடித்து அதை ஸ்பானரால் திருகுவது. வெல்டிங் சூட்டிலேயே இறுக்கம் விட்டுவிடும், அதனால் நன்றாக வேலை செய்யும். ஆனால் வெளியே ஒயில் பூசிய இடத்தில் பொறி பறக்கும் வேலை இது. பற்றரி வயர் இரண்டையும் கழற்றி, சம்பின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, நெருப்பணைப்பானோ ஒரு வாளி மணலோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாகனத்தில் வெல்டிங் பிடித்துப் பழகியவர்தான் செய்யவேண்டும். கேற் செய்கிறவரைக் கூட்டிவந்து செய்விக்காதீர்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எந்தப் பக்கம் திருகுகிறீர்கள்? நட்டின் தலையை நேரே பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருகினால் கழரும். காருக்குக் கீழே மல்லாந்து படுத்து, தலைமாடு கால்மாடாகக் கையை நீட்டும்போது இது குழம்பும். கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கியே மரையை உடைத்தவர்களில் நானும் ஒருவன். மாமாவின் கார். மாமா இன்றைக்கும் கலியாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்லுவார்.

நட் சுத்துது, ஆனா வெளியில வருதில்லை.

சம்பின் மரை போய்விட்டது, உள்ளே நட்டுக்குப் பிடிமானம் இல்லை. தட்டையான ஸ்குறூ டிரைவரின் நுனியை நட்டின் தலைக்கும் வாஷருக்கும் இடையில் கொடுத்து மெல்ல வெளிப்பக்கம் நெம்பிக்கொண்டே மற்றக் கையால் இடஞ்சுழியாகத் திருகுங்கள். மிச்சம் இருக்கும் அரை மரை பிடித்து வெளியே வரும். கீழே பாத்திரம் வைத்திருக்கிறீர்களா? வரும்போது சொல்லிக்கொண்டு வராது. ஒயில் இளஞ்சூட்டில் இருக்கட்டும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம்.

புது நட் வாங்கலாம் எண்டால் எந்த அளவு கேக்கிறது?

முடிந்தால் பழைய நட்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். அதைவிட நிச்சயமான வழி இல்லை. பொதுவாக, விற்ஸ், அக்சியோ முதலிய டொயோட்டாக்களில் 12 மில்லிமீற்றர் விட்டம், 1.25 மரை, தலைக்கு 14 சொக்கெட். நிசானிலும் 12க்கு 1.25 தான் பெரும்பாலும். ஹொண்டாவில் 14க்கு 1.5, தலைக்கு 17. சுசுக்கி ஒல்ரோ, வகன் ஆர் இரண்டும் 14க்கு 1.5.

இந்த இரண்டாவது எண் கவனம். மரையிலிருந்து அடுத்த மரைக்கு உள்ள தூரம் அது. 12க்கு 1.25 போகவேண்டிய இடத்தில் 12க்கு 1.5 நட்டைக் கொடுத்தால் முதல் இரண்டு சுற்று ஒழுங்காகப் போகும். பிறகு இறுகும். “புது நட் எண்டபடியால் டைட்டா இருக்கு” என்று நினைத்து ஸ்பானரைப் போட்டால் சம்ப் முடிந்தது. விரலால் நாலைந்து சுற்று போகாத நட்டை ஸ்பானரால் தள்ளவே கூடாது.

இன்னொன்று. திறக்கப்போவது எஞ்சினின் நட்தானா என்று பாருங்கள். பக்கத்திலேயே கியர்பொக்ஸின் நட்டும் இருக்கும். ஹொண்டாக்களில் கியர்பொக்ஸ் நட்டின் தலையில் சதுரக் குழி இருக்கும், அதை வைத்து இனங்காணலாம். கியர் ஒயிலை வடித்துவிட்டு எஞ்சினுக்குள் மேலதிகமாக ஒரு சம்ப் ஒயிலை ஊற்றிய கதைகள் ஊரில் உண்டு.

சம்பின்ர மரைதான் போட்டுது. சம்பையே மாத்தவேணுமோ?

மாற்றுவது ஒரு வழி, ஒரே வழி அல்ல. முதலில் சம்ப் இரும்பா அலுமினியமா என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு. இரும்புத் தகட்டுச் சம்ப் மெல்லியது, மரை பிடிக்கும் அளவுக்கு அதில் தடிப்பு இல்லை. அதனால் உட்பக்கத்தில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்திருப்பார்கள், மரை இருப்பது அதில்தான். அலுமினியச் சம்பில் வார்ப்பிலேயே தடிப்பாக விட்டு மரை வெட்டியிருப்பார்கள். அலுமினியம் மெதுமை. இரும்பு நட்டோடு மல்லுக்கட்டினால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான்.

கடையில் ‘ஓவர்சைஸ்’ என்று கேட்டால் ஒரு நட் தருவார்கள். நுனியில் வெட்டுக் காடி இருக்கும், தன் மரையைத் தானே வெட்டிக்கொண்டு போகும். மலிவு, பத்து நிமிட வேலை. இரும்புச் சம்பில் இது பல வருடம் தாக்குப்பிடிக்கும். ஆனால் கொஞ்சம் சரிந்து ஏறிவிட்டால் தலை ஒருபக்கம் தூக்கி நின்று கடைசிவரை ஒழுகும். ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் அதைக் கழற்றிப் பூட்டினால் திரும்பவும் தேயும். இதற்காகவே இரட்டை நட் ஒன்று இருக்கிறது. பெரியது சம்பிலேயே நிரந்தரமாக நிற்கும், அதன் நடுவில் உள்ள சின்ன நட்டை மட்டும் திறந்து பூட்டலாம். துளை சிறிது என்பதால் ஒயில் ஆறுதலாகத்தான் வடியும். அதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன்.

என் மனதுக்குப் பிடித்தது, டாப் என்ற மரை வெட்டும் கருவியைப் போட்டுப் புது மரை வெட்டுவது. 12க்கு 1.25 போன துளையை 12.5 மில்லிமீற்றர் துளைகருவியால் பெருப்பித்து, 14க்கு 1.5 மரை வெட்டி, அந்த அளவு நட்டைப் போடலாம். ஹொண்டா, சுசுக்கி நட்டுகள் அதே அளவு என்பதால் நாளைக்கு எந்தக் கடையிலும் நட் கிடைக்கும். இதுதான் இந்த வழியின் அழகு. டாப்பை நேராகப் பிடிப்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. லேத் பட்டறைக்காரர் சம்பைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்வதும் அதற்காகத்தான். கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய அளவே வேண்டுமென்றால், துளையைப் பெருப்பித்து வேறு மரை வெட்டி, அதற்குள் உருக்குச் சுருளையோ உருக்குக் குழாயையோ இறக்கி, உள்ளே முன்பிருந்த அளவு மரையை எடுக்கலாம். ஹெலிக்கொயில் என்று சொல்வது இந்தச் சுருளைத்தான். அலுமினியச் சம்புக்கு இது முதலில் இருந்த மரையைவிடப் பலமானது. குழாய் வகை சுருளைவிட நல்லது. சுருளுக்கு வெளியால் ஒயில் கசியும் வாய்ப்புண்டு, அதனால் ஒயில் தாங்கும் பசையோடு இறக்கவேண்டும்.

இரும்புச் சம்பென்றால் கழற்றிக் கழுவி, உட்பக்கத்தில் வெல்டிங் பிடித்திருக்கும் பழைய நட்டை வெட்டி எடுத்துப் புதிதாக ஒன்றை வெல்டிங் பிடிக்கலாம். கழுவுவது என்றால் பேருக்கு அல்ல. ஒயில் ஆவி நிற்கும் பாத்திரத்தில் வெல்டிங் பிடிப்பது ஆபத்து. அலுமினியத்துக்கு ஆர்கன் வெல்டிங் வேண்டும், எல்லா இடத்திலும் செய்யமாட்டார்கள்.

சம்பை மாற்றுவது எப்போது? வெடித்திருந்தால், துளையைச் சுற்றி முன்னரே இரண்டு தடவை வேலை நடந்திருந்தால், அல்லது துரு தின்றிருந்தால். பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குத் தினமும் போய்வருகிறவர்களின் கார், பருத்தித்துறைக் கரையோரம் நிற்கிற கார், இவற்றின் இரும்புச் சம்பை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தகடு உதிர்ந்தால் அதில் மரை வெட்டுவது வீண்செலவு. ஓடிக்கழித்த காரிலிருந்து எடுத்த ‘ரீகண்டிஷன்’ சம்ப் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். வாங்கும்போது அதன் மரையையும் உங்கள் நட்டால் திருகிப் பார்த்தே வாங்குங்கள். சிலிப்பான சம்பைக் கழற்றிவிட்டு இன்னொரு சிலிப்பைப் பூட்டினால் சிரிப்பாய்ப் போகும்.

சம்பைக் கழட்டாமல் டாப் போட்டால் இரும்புத் தூள் எஞ்சினுக்குள்ள போகாதோ?

போகும், ஆனால் கட்டுப்படுத்தலாம். டாப்பின் காடிகளில் கிறீசை அப்பிவிடுங்கள், தூள் அதில் ஒட்டும். அரைச் சுற்றுப் போய்க் கால் சுற்றுத் திரும்ப வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை டாப்பை வெளியே எடுத்துத் துடைத்து, புதுக் கிறீஸ் பூசவேண்டும். முடிந்ததும் நட்டைப் போடாமல், மேலாலே அரை லீற்றர் மலிவு ஒயிலை ஊற்றி அப்படியே கீழால் ஓடவிடுங்கள். தூளைக் கழுவிக்கொண்டு வரும். காந்தக் குச்சி இரும்புத் தூளைத்தான் எடுக்கும், அலுமினியத்தைப் பார்க்கவும் மாட்டாது. ஒயில் பம்பின் வாயில் வலையும் அதன்பின் ஃபில்டரும் இருக்கின்றன என்பது ஆறுதல். அதை நம்பித் தூளை விட்டுவிடுவது சரியல்ல. ஃபில்டரையும் அதே நாளில் புதிதாகப் போடுங்கள்.

தறெட் டேப் சுத்தி இறுக்கலாமோ? சிலிக்கன்? எம்-சீல்?

தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் மரைக்குப் பலம் தராது, பிய்ந்த துண்டு உள்ளே போனால் பம்பின் வலையில் போய் இருக்கும். ஒயில் தாங்கும் சிலிக்கன் கசிவை ஒருமுறைக்கு நிறுத்தும், பிடிமானத்தைத் தராது. எம்-சீல், அரல்டைற் பூசினால் நிற்கும். அடுத்த ஒயில் மாற்றத்தில் அதை உடைக்க நீங்கள்தான் நிற்கவேண்டும்.

இறப்பரில் விரியும் அடைப்பான் ஒன்று விற்கிறது. துளைக்குள் விட்டு நடுவில் திருகினால் பருத்து அடைக்கும். கராஜுக்குப் போய்ச் சேர அது நல்லது. அதோடு மாதக்கணக்கில் ஓடாதீர்கள்.

எவ்வளவு இறுக்கவேணும்? லூசா விட்டால் கழண்டு விழாதோ?

இந்தப் பக்கத்தில் உள்ள அத்தனை பழுதுக்கும் தாய் இந்தப் பயம்தான். “நல்லா இறுக்கு தம்பி, கழண்டா எஞ்சின் போயிரும்” என்று சொல்லாத ஆள் இல்லை. பைப் போட்டு இறுக்குகிறார்கள், ஸ்பானரின்மேல் ஏறி நிற்கிறார்கள், சில இடங்களில் காற்றுத் துப்பாக்கியால் அடித்துவிடுகிறார்கள்.

சம்பில் இருக்கும் ஒயிலுக்கு அழுத்தம் இல்லை. பம்ப் அழுத்தம் கொடுப்பது அங்கிருந்து உறிஞ்சி மேலே அனுப்பியபிறகு. சம்ப் என்பது வெறும் பாத்திரம், ஒயில் அதில் கிணற்றுத் தண்ணீர்போலக் கிடக்கிறது. ஒரு சாண் ஆழமும் இல்லாத ஒயில் அந்த நட்டின்மேல் தரும் பாரம் கால் பிஎஸ்ஐகூட வராது. ரயருக்கு நாம் அடிப்பது 30. கால் பிஎஸ்ஐயைத் தடுக்க ஏன் இத்தனை மல்லுக்கட்டு?

கொம்பனி சொல்லும் கணக்கு இது. விற்ஸ், அக்சியோ எஞ்சின்களில் ஏறக்குறைய 38 நியூட்டன் மீற்றர், ஹொண்டா ஃபிட்டில் 39, சுசுக்கியில் 35, நிசானில் 34 அளவில். 40ஐ வைத்துப் பார்த்தாலும், 20 சென்ரிமீற்றர் நீள ஸ்பானரின் நுனியில் 20 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டால் என்ன இழுப்போ அவ்வளவுதான். கடையில் அரை மூட்டை அரிசியைத் தூக்குகிற பலம்கூட இல்லை. இவ்வளவுக்கே அந்த நட் தன் வாஷரை ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பலத்தோடு சம்பில் அமத்திப் பிடிக்கும். மரையின் சாய்வு செய்யும் வித்தை அது. எழுபது கிலோ ஆள் அரை மீற்றர்ப் பைப்பில் ஏறி நின்றால் 350 நியூட்டன் மீற்றர். வேண்டியதைப்போல ஒன்பது மடங்கு. மரை உரியாமல் என்ன செய்யும்?

இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் வைத்திருந்தால் கணக்கை வைத்து இறுக்குங்கள். இல்லாதவர்கள் நட்டை விரலால் கடைசிவரை ஏற்றி, வாஷர் தொட்டபிறகு சின்ன ஸ்பானரால் ஒரு கையால் இறுக்குங்கள். வாஷர் நசிவது கையில் தெரியும், பிறகு ‘கப்’ என்று நிற்கும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் ஒரு கால் சுற்றுப் போகும்போல இருக்கும். அந்தக் கால் சுற்றில்தான் கராஜ்காரர் அரிசி வாங்குகிறார்.

வாஷரை ஒவ்வொரு முறையும் மாத்தவேணுமோ?

மாற்றவேண்டும். ஒயிலை அடைப்பது வாஷர்தான், நட் அல்ல. ஒருமுறை நசிந்த அலுமினிய வாஷர் இரண்டாம்முறை நசியாது. அப்போது ஒரு துளி கசியும். கசிவைக் கண்டதும் இன்னும் இறுக்குவார்கள், மரை போய்விடும். ஒரு வாஷர் காசை மிச்சம் பிடிக்கப்போய்ச் சம்ப் காசைக் கொடுப்பது இப்படித்தான்.

செப்பு வாஷரென்றால் ஒரு பழைய கைவித்தை இருக்கிறது. காஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு திரும்பவும் மெதுவாகும். கருகலைத் தேய்த்துவிட்டுப் போடலாம். அலுமினியத்துக்கு இதைச் செய்யப்போனால் உருகிவிடும். புது வாஷர் போடமுன் பழையது சம்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரண்டு வாஷர் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் நிச்சயம் ஒழுகும்.

சொட்டுச் சொட்டா ஒழுகுது. நாளைக்குக் கொழும்பு போகவேணும். போகலாமோ?

காருக்குக் கீழே இரவு ஒரு காட்போட் மட்டையைப் போட்டுவிடுங்கள். காலையில் ஒன்றிரண்டு துளி, நட்டும் அசையாமல் இறுக்கமாக நிற்கிறது என்றால் அது வாஷர்ப் பிரச்சினை. டிப் ஸ்டிக்கைப் பார்த்து, ஒரு லீற்றர் ஒயிலை டிக்கியில் வைத்துக்கொண்டு போகலாம். வவுனியாவில் ஒருமுறை நிறுத்தித் திரும்பப் பாருங்கள்.

நட் கையால் சுற்றுகிறது அல்லது இறுக்கும்போது ‘கப்’ என்று நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது என்றால் போகக்கூடாது. கொழும்பு வேண்டாம், கொடிகாமத்துக்கும் வேண்டாம். சின்னக் கார்களின் சம்பில் இரண்டரை முதல் நாலு லீற்றர்தான் ஒயில். நட் விழுந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அத்தனையும் வீதியில் இருக்கும். ஆனையிறவு வெளியில் சிவப்பு ஒயில் லைட் எரிந்தால் “பரந்தனுக்குப் போய்ப் பாப்பம்” என்று ஓட்டாதீர்கள். அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை நிற்பாட்டவேண்டும். லைட் எரிந்தபின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பேரிங்கைத் தின்னும்.

நட்டைத் தொடாமல் டிப் ஸ்டிக் ஓட்டையால ஒயிலை உறிஞ்சி எடுக்கேலாதோ?

முடியும். வெற்றிட உறிஞ்சி இருக்கும் சேர்விஸ் இடங்கள் உண்டு. குழாய் சம்பின் அடிவரை போனால் பெரும்பகுதி வந்துவிடும், அடியில் படிந்த கசடு கொஞ்சம் மிஞ்சும். மரை பலவீனமான சம்பில் இரண்டு மூன்று ஒயில் மாற்றத்தை இப்படித் தள்ளிப்போடுவதில் பிழையில்லை. நட் ஒழுகாமல் இருக்கிறவரைக்கும்தான் இந்த உபாயம்.

நாலு சீமெந்துக் கல்லில காரை ஏத்திப்போட்டு நானே செய்யலாம்தானே?

இல்லை. வீடு கட்டும் சீமெந்துக் கல் சுவரில் பரவலான பாரத்தைத் தாங்கும். ஒரு புள்ளியில் காரின் பாரம் வந்தால் முன்னறிவிப்பில்லாமல் பொரிந்து போகும். ஜாக்கும் தூக்கத்தான், தாங்க அல்ல. இரும்பு ஸ்ராண்ட் இரண்டு, பின்சில்லுக்கு அடை, ஹாண்ட் பிரேக். இவை இல்லையென்றால் பள்ளம் உள்ள கராஜுக்குப் போங்கள். மேலே சொன்னபடி உளியும் சுத்தியலும் எடுத்து அடிக்கும் வேலை இது, கார் ஆடும்.

சேர்விஸ் செய்த இடத்திலதான் கெடுத்தவை. அவையளிட்டக் கேக்கலாமோ?

கேட்கலாம், ஆனால் நியாயமாகக் கேளுங்கள். மரை போவது கழற்றும்போது கண்ணில் படும், கெட்டது அனேகமாக அதற்கு முந்திய முறை இறுக்கியபோது. போன தடவையும் அதே இடம் என்றால் அவர்கள் பொறுப்பு. இம்முறைதான் முதல் தடவை போனீர்கள் என்றால் பாவம், அவர்கள் திறந்தது வேறொருவர் பூட்டிய வினை. எனக்கு ஒருமுறை ஓர் இடத்தில் நட்டைச் சிலிக்கன் பூசிப் பூட்டி, ஒன்றும் சொல்லாமல் காரைத் தந்தார்கள். கெடுத்ததற்கு அல்ல, சொல்லாமல் விட்டதற்குத்தான் கோபம் வந்தது. அதிலிருந்து, நட்டைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அவர்களுக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

வீட்டில ஒரு ஒஸ்ரின் நிக்குது. இதெல்லாம் அதுக்கும் பொருந்துமோ?

இறுக்கும் அளவும் வாஷர்க் கதையும் பொருந்தும், மரை அளவு பொருந்தாது. ஒஸ்ரின், மொரிஸ் மைனர் எல்லாம் அங்குலக் கணக்கு. மில்லிமீற்றர் நட்டை ஏற்றப்போனால் கெட்டுவிடும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் சிலிண்டர்ச் சுவரால் இறங்கிச் சம்பில் சேரும், ஒயில் தண்ணீராகிவிடும். அடிக்கடி வடிக்கவேண்டி வந்தது, வாஷருக்கும் வழியில்லை. அந்தக் காலம் கடந்துவந்த ஒஸ்ரினின் சம்பைக் கழற்றினால், யாரோ ஒரு பாஸ் லேத்தில் கடைந்து போட்ட நட் அதில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அது ஒழுகாமல் நிற்கிறதென்றால் அதைத் தொடவேண்டாம். மாற்றத்தான் வேண்டுமென்றால் அதை மாதிரியாக வைத்து லேத்திலேயே இன்னொன்று கடைவியுங்கள்.

வடிச்ச பழைய ஒயிலை என்ன செய்யிறது? வேலிக் கறையானுக்கு ஊத்தலாமோ?

ஊற்றாதீர்கள். நமக்கு ஆறு இல்லை, வழுக்கியாறும் மாரியில்தான் ஓடுகிறது. குடிப்பது கிணறு, கிணற்றுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமாக இருக்கும் அந்தக் கல், மேலே ஊற்றுவதை வடிகட்டாமல் கீழே விடும். சுன்னாகத்தில் கிணறுகளில் ஒயில் மிதந்ததையும், அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2019இல் தீர்ப்பு வந்ததையும் இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

புது ஒயில் வந்த கானிலேயே பழையதை ஊற்றி மூடி இறுக்குங்கள். மரை வெட்டிய நாளில் கழுவி எடுத்த தூள் ஒயிலையும் அதிலேயே சேர்த்து, தலைகீழாக ஓர் இரவு வடியவிட்ட பழைய ஃபில்டரையும் பையில் போட்டு, ஒயில் சேர்த்துக் கொடுக்கும் கராஜிலோ சேர்விஸ் இடத்திலோ ஒப்படையுங்கள். பெரிய பரலில் சேர்த்து வைத்து விற்கிறவர்கள் அவர்கள், வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். கானின்மேல் “பழசு” என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை எழுதாமல் விட்டு, அடுத்த மாதம் அதையே எடுத்துத் திரும்ப ஊற்றப் பார்த்தேன்.